இன்டர்கொம் பேனலில் விசைகளை அமைப்பது: நேரலைக் கட்டுப்பாட்டு அறைக்கான முழுமையான வழிகாட்டி

நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போது நெறியாளர் இன்டர்கொமில் (குழுவினர் தமக்குள் பேசும் தொடர்புக் கருவி) சொன்னது கமராக்காரரின் காதுக்குப் போகவில்லை என்றால் எல்லோரும் முதலில் வயரைத்தான் சந்தேகிப்பார்கள். பல தடவை வயர் நன்றாகவே இருக்கும். பிழை விசையை அமைத்த விதத்தில் இருக்கும்.

பேனலில், அதாவது பேசும் பொத்தான்கள் உள்ள பலகையில், ஒரு விசையை அமைக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்த விசை யாரிடம் போகிறது? அமுக்கினால் எப்படி நடந்துகொள்கிறது? முதற் கேள்வியை எவரும் தவறவிடுவதில்லை. இரண்டாவதை மென்பொருள் தந்தபடியே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒளிபரப்பில் குழப்பம் வருவது அங்கிருந்துதான். ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டாவது கேள்விக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

இங்கே பேசப்படுவது மேட்ரிக்ஸ் வகை இன்டர்கொம், அதாவது யாருடைய குரல் யாருக்குப் போக வேண்டும் என்பதை மையக் கருவியொன்று இணைத்துக் கொடுக்கும் வகை. அதை அமைக்கும் மென்பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். க்ளியர்-கொம் எக்லிப்ஸ் எச்.எக்ஸ் என்றால் ஈ.எச்.எக்ஸ் மென்பொருள், ஆர்.டி.எஸ் ஆடம் அல்லது ஒடின் என்றால் அஸ்எடிட், ரீடல் ஆர்டிஸ்ட் என்றால் டிரெக்டர். மெனுவில் உள்ள பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

உதாரணத்துக்குக் கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம்: செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் ஆடிவேல் ரதபவனியின் நேரலை. நான்கு கமராக்கள், ஓர் ஓ.பி. வான் (வெளிக்கள ஒளிபரப்பு வாகனம்), வீதியில் ஓர் அறிவிப்பாளர், ஸ்டூடியோவில் இன்னோர் அறிவிப்பாளர். நெறியாளரின் கையில் 16 விசைப் பேனல்.

அமுக்கும்போது உள்ளே நடப்பது

மேட்ரிக்ஸில் ஒவ்வொரு பேனலுக்கும் ஒவ்வொரு வெளிச்சாதனத்துக்கும் ஒரு போர்ட் (இணைப்புவாய்) உண்டு. ஒவ்வொரு போர்ட்டிலும் உள்வரும் ஒலி ஒன்று, வெளியே போகும் ஒலி ஒன்று. டோக் (பேசும்) விசையை அமுக்கினால் உங்கள் போர்ட்டின் உள்வரும் ஒலி, எதிராளி போர்ட்டின் வெளிச்செல்லும் ஒலியில் சேர்கிறது. லிசன் (கேட்கும்) விசை இதற்கு எதிர்த்திசை. இரண்டும் தனித்தனி இணைப்புகள் என்பதை மனதில் வைத்திருங்கள். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது என்பதால் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும் என்று அர்த்தமில்லை. "அவர் பதில் சொல்லவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

முதலில் கடதாசி

கணினியைத் திறக்க முன் ஒரு கட்டத்தாளை எடுங்கள். இடப்பக்கம் பேசுபவர்கள், மேற்பக்கம் கேட்பவர்கள். பெயரை எழுதாமல் பொறுப்பை எழுதுங்கள்: நெறியாளர், தயாரிப்பாளர், கமரா 1 முதல் 4 வரை, தளமுகாமையாளர், ஒலி, கிராபிக்ஸ், வீதி அறிவிப்பாளர், ஸ்டூடியோ அறிவிப்பாளர், ஓ.பி. வான் பொறியியலாளர், பிரதான கட்டுப்பாட்டு அறை (நிலையத்தின் ஒளிபரப்பை வெளியே அனுப்பும் அறை), வீதி ஒழுங்கமைப்பாளர்களின் வோக்கிடோக்கி.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: எப்போதும் கேட்க வேண்டும், தேவைப்படும்போது மட்டும், ஒருபோதும் கூடாது. மூன்றாவது வகைதான் முக்கியம். கிராபிக்ஸ்காரர் அறிவிப்பாளரின் காதில் பேசவே கூடாது. கமராக்காரர்கள் பிரதான கட்டுப்பாட்டு அறையோடு பேசவே கூடாது. இந்தக் கட்டங்களைச் சிவப்பால் அடித்துவிட்டால், பிறகு யாராவது "எனக்கும் அந்த விசை ஒன்று போட்டுத் தாங்கோ" என்று கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

போர்ட்டுகளைச் சரிபார்த்தல்

விசைகளுக்கு முன் போர்ட்டுகள் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் வகையை (பேனல், போகும் ஒலிக்கும் வரும் ஒலிக்கும் தனித்தனி வழியுள்ள நான்கு-வயர், இரண்டும் ஒரே வழியில் போகும் இரண்டு-வயருக்கான இடைமுகம், ரேடியோ) தெரிந்து பெயரிடுங்கள்.

கமராக்காரர்கள் இடுப்பில் கட்டும் பெல்ட்பேக்குகள் (சிறிய பேசும் பெட்டிகள்) எல்லோரும் ஒரே வழியில் பேசிக் கேட்கும் இரண்டு-வயர் பார்ட்டி லைனில் இருந்தால், அவை ஓர் இடைமுகம் வழியாகவே மேட்ரிக்ஸுக்குள் வரும். க்ளியர்-கொம் பார்ட்டி லைனில் ஒரு சனலுக்கு 200 ஓம் முடிவுத்தடை ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் போட்டால் எல்லோருடைய குரலும் தணிந்துவிடும். ஒன்றுமே போடாவிட்டால் ஒலிமட்டம் ஏறி ஊளையிடத் தொடங்கும். மூன்று-பின் எக்ஸ்.எல்.ஆரில் முதற் பின் தரை, இரண்டாவது 30 வோல்ட் நேர்மின், மூன்றாவது ஒலி. அந்தக் கேபிளைத் தவறுதலாக ஒலிக்கலவையின் மைக் உள்ளீட்டில் செருகிவிடாதீர்கள்.

இடைமுகத்தில் நல் என்று ஒரு சரிக்கட்டல் உண்டு. நீங்கள் அனுப்பிய குரல் உங்களிடமே திரும்பி வராமல் தடுப்பது அதன் வேலை. பெல்ட்பேக்குகள் எல்லாவற்றையும் உண்மையான கேபிள் நீளத்தோடு இணைத்து, அவற்றின் மைக்குகளை மூடிய பிறகுதான் நல் செய்ய வேண்டும். மேசையில் ஐந்து மீற்றர் கேபிளோடு செய்த நல், வீதியில் நூறு மீற்றர் கேபிள் போட்டதும் செல்லாது.

ஐ.பி. பேனல்கள் (கணினி வலையமைப்பில் இணைபவை) என்றால் கேபிள் 100 மீற்றருக்குள் இருக்க வேண்டும். பேனல் கேட்கும் மின்சாரத்தை வலையமைப்பு ஸ்விட்ச் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். டான்டே (வலையமைப்பு வழியாக ஒலி அனுப்பும் முறை) ஓடும் வலையமைப்பில் ஸ்விட்ச்சின் மின்சேமிப்பு ஈத்தர்நெட் வசதியை அணைத்துவிடுங்கள். அதை விட்டால் இடையிடையே ஒலி வெட்டுப்படும், காரணமும் இலகுவில் பிடிபடாது.

பதினாறு விசைகளின் ஒழுங்கு

நெறியாளரின் பேனலுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது:

1. கமராக் குழு முழுவதும்
2. கமரா 1 தனியாக
3. கமரா 2 தனியாக
4. கமரா 3 தனியாக
5. கமரா 4 தனியாக
6. தளமுகாமையாளர்
7. ஒலி
8. கிராபிக்ஸ்
9. ஓ.பி. வான் பொறியியலாளர்
10. வெறுமை
11. ஸ்டூடியோ அறிவிப்பாளரின் காது
12. வீதி அறிவிப்பாளரின் காது
13. வெறுமை
14. வோக்கிடோக்கி
15. பிரதான கட்டுப்பாட்டு அறை
16. பதில் விசை

10ஐயும் 13ஐயும் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறோம். அறிவிப்பாளரின் காதுக்குப் போகும் விசைக்குப் பக்கத்தில் வேறு வகை விசை எதுவும் இருக்கக் கூடாது. நெறியாளர் திரையைப் பார்த்தபடி தடவித்தான் விசையைத் தேடுவார். "கமரா 3, ஆளை விடு, ரதத்துக்குப் போ" என்பது அறிவிப்பாளரின் காதில் விழுந்தால் அவர் வசனத்தின் நடுவில் தடுமாறுவார், அதை நாடே பார்க்கும்.

தனிக்கமரா விசைகளுக்குக் கமரா ஐசோ என்ற வகை உண்டு. பார்ட்டி லைனில் இருக்கும் ஒரு கமராவை அந்த நேரத்துக்கு மட்டும் பிரித்தெடுத்துப் பேச அது உதவும். விட்டதும் கமரா தன் குழுவுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு கமராவும் தனிப் போர்ட்டில் வந்தால்தான் இது வேலை செய்யும். நான்கு பெல்ட்பேக்குகளும் ஒரே இரண்டு-வயர் சனலில் தொங்கினால் அவற்றைப் பிரிக்க முடியாது. அப்படியானால் 2 முதல் 5 வரையான விசைகளை வேறு வேலைக்குக் கொடுங்கள்.

பதில் விசை உங்களை அழைத்தவரை, அவருக்கு உங்கள் பேனலில் தனி விசை இல்லாவிட்டாலும், காட்டும். அதை அமுக்கினால் நேரே அவரிடம் பேசலாம். ஆகவே அபூர்வமாகப் பேசுபவர்களுக்கெல்லாம் விசை ஒதுக்க வேண்டிய தேவையில்லை.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று விசைகளை அடுக்கும் வசதி பேனலில் இருந்தாலும், நேரலைக்கு ஒரே பக்கத்தில் முடித்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் 1, 11, 12, 16 நான்கும் எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் இருக்கட்டும்.

விசை எப்படி நடந்துகொள்ள வேண்டும்

பொதுவாக மூன்று வகை நடத்தை உண்டு. மொமெண்டரி: அமுக்கியிருக்கும் வரை மட்டும் திறந்திருக்கும். லட்ச்: ஒரு தடவை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி அமுக்கினால் விடும். மூன்றாவது இரண்டும் கலந்தது: சட்டென்று தட்டினால் பூட்டிக்கொள்ளும், பிடித்திருந்தால் விட்டதும் அறும். பல பேனல்களில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் கிடைப்பது இந்த மூன்றாவது வகைதான்.

கலப்பு வகை நெறியாளரின் மேசையில் ஆபத்தானது. பரபரப்பில் எவரும் விசையை நீண்ட நேரம் பிடிப்பதில்லை. "கமரா 2, டேக்" என்று சொல்லும் நேரத்துக்குள் கை எடுபட்டுவிடும். பேனல் அதைத் தட்டியதாகக் கணக்கெடுத்துப் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு நெறியாளர் தயாரிப்பாளரிடம் பக்கத்தில் திரும்பிப் பேசுவதெல்லாம் கமரா 2இன் காதில் ஓடிக்கொண்டிருக்கும். விசையில் விளக்கு எரியத்தான் செய்யும், ஆனால் பத்து விளக்குகள் எரியும் பேனலில் அதை யார் கவனிப்பது?

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: டோக் விசைகள் எல்லாம் மொமெண்டரியாகவே தொடங்கட்டும். பூட்டும் உரிமையைக் காரணம் கேட்டே கொடுங்கள். உதாரணப் பேனலில் அந்தக் காரணம் 1ஆம் விசைக்கு மட்டுமே இருக்கிறது. நெறியாளர் கமராக் குழுவோடு இடைவிடாது பேசுவார், இரு கையும் குறிப்பேட்டில் இருக்கும். அதற்கு லட்ச் கொடுக்கலாம். 11, 12, 14, 15 நான்கிலும் பூட்டுதலை மென்பொருளிலேயே தடைசெய்யுங்கள். "கவனமாக இருக்கிறேன்" என்ற உறுதிமொழியை நம்பி விடாதீர்கள்.

கமரா வண்டி தள்ளுபவர், விளக்குக் கட்டுப்படுத்துபவர் போன்று இரு கையும் வேலையில் இருப்பவர்களின் பெல்ட்பேக்கில் பூட்டும் வசதி வேண்டும்தான். அங்கே அதன் விலை, அவர்களைச் சுற்றியுள்ள சத்தம் எல்லோருடைய காதிலும் விழுவது. நாதஸ்வரமும் மேளமும் பக்கத்தில் முழங்கும் ரதவீதியில் ஒரு திறந்த மைக் முழுக் குழுவையும் செவிடாக்கிவிடும். வெளிக்களத்தில் கமராக்காரர்களுக்கும் மொமெண்டரியே நல்லது. காதை முழுதாக மூடும் ஹெட்செட்டும் கொடுங்கள்.

இன்னொரு நடத்தை இன்டர்லொக். ஒரு குழுவில் ஒரு விசையை அமுக்கினால் மற்றவை தானாக விடுபடும். 2 முதல் 5 வரை இதைப் போட்டால் இரண்டு கமராவுக்கு ஒரே நேரத்தில் தனிப்பேச்சுப் போவதைத் தடுக்கலாம்.

லிசன் பக்கம்

கமராக் குழுவின் லிசன் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதை யாரும் அணைக்க முடியாதபடி நிரந்தரமாக்குங்கள். ஒலிமட்டத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் விடுங்கள். அதிலும் கீழெல்லை ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் முந்திய நிகழ்ச்சியில் பூச்சியமாக்கியவர் அப்படியே விட்டுப் போயிருப்பார்.

தளமுகாமையாளர், ஒலி, கிராபிக்ஸ் போன்ற நேரடி விசைகளில், டோக்கை அமுக்கும்போது லிசனும் தானாகத் திறக்கும்படி வையுங்கள். பதில் அந்த நேரத்திலேயே வரும். ஆனால் எல்லா விசையிலும் லிசனைத் திறந்து வைத்தால் எட்டுக் குரல்கள் ஒன்றாகக் காதில் கொட்டும். நெறியாளர் ஒலியைக் குறைப்பார், பிறகு எதுவுமே கேட்காது. பிரதான கட்டுப்பாட்டு அறையின் லிசனை மூடிவைத்து, அவர்கள் அழைக்கும்போது விசை மினுங்கினால் போதும்.

அறிவிப்பாளரின் காது

11உம் 12உம் சாதாரணப் பேச்சு விசைகள் அல்ல. இவற்றை ஐ.எஃப்.பி. வகையாக அமைக்க வேண்டும். அறிவிப்பாளரின் காதில் நிகழ்ச்சி ஒலி ஓடிக்கொண்டிருக்கும். நெறியாளர் அமுக்கியதும் அது தணிந்து குரல் மேலே வரும், விட்டதும் பழையபடி ஏறும். அமைக்கும் படிகள்:

முதலில் ஐ.எஃப்.பி. ஒன்றை உருவாக்கி அதன் வெளியீட்டு போர்ட்டைக் குறியுங்கள். இது அறிவிப்பாளரின் காதுக்கருவிக்குப் போகும் வழி. அடுத்து அதன் நிகழ்ச்சி மூலத்தைக் கொடுங்கள். ஒலிக்கலவையிலிருந்து வரும் மிக்ஸ்-மைனஸ், அதாவது அந்த அறிவிப்பாளரின் சொந்தக் குரல் நீக்கப்பட்ட கலவை, இதில் வர வேண்டும். மூன்றாவதாகத் தணிப்பின் அளவு. 12 முதல் 20 டெசிபல் வரை நன்றாக இருக்கும். முழுதாக வெட்டினால் அறிவிப்பாளர் தன் இணைப்பு அறுந்துவிட்டதென்று பதறலாம். ரதவீதி போன்ற இரைச்சலான இடத்துக்கு 20ஐ நெருங்கி வையுங்கள், அமைதியான ஸ்டூடியோவுக்கு 12 போதும். நான்காவதாக முன்னுரிமை: நெறியாளரும் தயாரிப்பாளரும் ஒரே நேரத்தில் அமுக்கினால் நெறியாளரின் குரலே போகட்டும். கடைசியாக விசையை அந்த ஐ.எஃப்.பி.க்குச் சுட்டி, மொமெண்டரியாக்கி, லட்ச் தடை போடுங்கள்.

மிக்ஸ்-மைனஸில் சலுகையே கிடையாது. வீதியிலிருந்து வரும் படமும் ஒலியும் செய்மதி வழியாக வந்தால், செய்மதிக்கு ஏறி இறங்கும் ஒரு தாவலுக்கே கால் வினாடி தாமதம். கைத்தொலைபேசி வலையமைப்பைச் சேர்த்துக்கட்டி அனுப்பும் கருவி என்றால் அதைவிடக் கூடும். தன் குரல் அவ்வளவு பிந்தித் தன் காதிலேயே விழுந்தால் எவ்வளவு பழகியவரும் திக்குவார். "அவருக்கு நேரலை பழக்கமில்லை" என்று அறிவிப்பாளரைக் குறைசொல்ல முன் ஒலிக்கலவையைப் பாருங்கள்.

"எல்லோருக்கும்" என்ற பொது அழைப்பு விசை வைப்பதானால், அதன் பட்டியலில் ஐ.எஃப்.பி.க்களைச் சேர்க்காதீர்கள்.

வோக்கிடோக்கி விசை

14ஆம் விசைக்கு இரண்டு வேலை. குரலை ரேடியோ போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிச்) ஒன்றை மூடி ரேடியோவை ஒலிபரப்பு நிலைக்கும் கொண்டுவர வேண்டும். ரிலேயை மறந்தால் விசையில் விளக்கு எரியும், வீதியில் எவருக்கும் ஒன்றும் கேட்காது. இரண்டையும் ஒரே விசையில் சேர்த்த பிறகு, ரேடியோவின் பேசும் சுவிச்சுக்குப் போகும் கம்பிகள் ரிலேயின் வழக்கமாகத் திறந்திருக்கும் தொடுமுனையில் இருக்கின்றனவா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். மாறி மூடிய முனையில் கட்டினால் ரேடியோ எந்நேரமும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், பற்றரியும் தீரும், சனலும் அடைபடும்.

ரேடியோ திறக்கச் சிறு நேரம் எடுக்கும். அமுக்கியவுடன் பேசினால் முதல் அசை வெட்டுப்படும். "நிறுத்து" என்பதன் முதற்பகுதி போய்விட்டால் என்ன கட்டளை என்றே தெரியாது. அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, அழைப்பவரின் பொறுப்புப் பெயரை முதலில் சொல்லப் பழக்குங்கள்.

இந்த ரேடியோக்களுக்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அலைவரிசையை உறுதிப்படுத்திய பின்னரே சனலை அமையுங்கள்.

பெயரும் மொழியும்

பழைய பேனல்கள் விசைக்கு நான்கு எழுத்து, பல பேனல்கள் எட்டு எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்தில் மட்டுமே காட்டும். ஆகவே பெயரின் முதல் மூன்று எழுத்திலேயே வேறுபாடு தெரிய வேண்டும். கமரா என்ற சொல்லை நான்கு விசையிலும் முழுதாக எழுதி இலக்கத்தை ஓரத்தில் வைப்பதைவிட இலக்கத்தை முன்னால் வைப்பது கண்ணுக்கு இலகு. ஆளின் பெயரைப் போடாதீர்கள். அவர் நாளை லீவு.

கொழும்பின் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரே குழுவில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசுவோர் இருப்பது வழக்கம். பார்ட்டி லைனில் கட்டளைகளுக்கும் இலக்கங்களுக்கும் ஒரே மொழியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஹெட்செட் இரைச்சலில் சிங்களத்தின் ஏழும் எட்டும், "ஹத", "அட", ஒன்றுபோலக் கேட்கும். தமிழின் ஏழும் எட்டும் தொடக்கத்தில் அதே மாதிரித்தான். இலக்கத்துக்கு ஆங்கிலம், தனிவிசைப் பேச்சுக்கு அவரவர் மொழி என்று வைத்தால் வேலை சீராக ஓடும்.

ஏற்றுதல்

மாற்றம் தொடங்க முன் இப்போதுள்ள அமைப்பைத் திகதியோடு புதிய பெயரில் சேமியுங்கள். பிறகு போர்ட்டுகள், குழுக்கள், ஐ.எஃப்.பி.க்கள், ரிலேக்கள், கடைசியாக விசைகள் என்ற வரிசையில் போங்கள். சுட்டப்படும் பொருள் இல்லாமல் விசையை அமைக்க முடியாது.

சில மென்பொருள்களில் இணைப்பில் இருந்தபடி செய்யும் மாற்றம் அந்தக் கணமே அமலாகும். வேறு சிலவற்றில் எல்லாம் முடித்து மேட்ரிக்ஸுக்கு அனுப்ப வேண்டும். போர்ட் வகையை மாற்றுவது போன்ற ஆழமான மாற்றங்களுக்கு மேட்ரிக்ஸ் மீளத் தொடங்கக்கூடும், அப்போது முழுக் கட்டடத்திலும் பேச்சு அறும். ஒளிபரப்பு ஓடும்போது விசை மாற்றத்துக்கு மேல் எதையும் தொடாதீர்கள்.

பேனலின் மெனுவிலிருந்தே விசையை மாற்றும் வசதியும் உண்டு. அவசரத்துக்கு அது நல்லது. ஆனால் அப்படி மாற்றியது கணினியில் உள்ள கோப்புக்குத் தெரியாது. அடுத்த தடவை கோப்பை அனுப்பியதும் பழையது திரும்பிவிடும். மாற்றியவுடன் மேட்ரிக்ஸிலிருந்து கணினிக்கு இழுத்துச் சேமியுங்கள். மற்றப் பேனல்களில் இந்த மெனுவைப் பூட்டிவிடுவது நல்லது.

சோதனை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெறியாளரின் பேனலில், மற்றவர் கட்டத்தாளோடு ஒவ்வோர் இடமாகப் போவார். ஒவ்வொரு விசையிலும் பேசிப் பாருங்கள், பதிலைக் கேளுங்கள், விட்ட பிறகு அறுகிறதா என்று பாருங்கள். சட்டென்று தட்டியும் பாருங்கள்: 11, 12, 14, 15 பூட்டிக்கொண்டால் அமைப்பு முடியவில்லை. சிவப்பால் அடித்த கட்டங்களையும் சோதிக்க வேண்டும். கிராபிக்ஸ் பேனலின் எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கும்போது அறிவிப்பாளரின் காதில் எதுவும் வரக் கூடாது.

பிறகு மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். மேட்ரிக்ஸ் யு.பி.எஸ்.ஸில் இருந்து, பேனலோ ஸ்விட்ச்சோ வெறும் சுவர்ச்செருகியில் இருந்தால் பயனில்லை. மின்சாரம் திரும்பியதும் முன்பு பூட்டியிருந்த விசைகள் பூட்டியபடியே எழுகின்றனவா என்று கவனியுங்கள். எழுந்தால் அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் பிழைகள்

விளக்கு எரிகிறது, குரல் மிக மெல்லியதாகப் போகிறது அல்லது போகவே இல்லை: பேனலில் ஹெட்செட் மைக்கின் வகையைப் பாருங்கள். எலக்ட்ரெட் மைக்குக்கு மின்னூட்டம் வேண்டும், டைனமிக்குக்கு வேண்டாம். ஹெட்செட்டை மாற்றியவர் இதை மாற்றியிருக்க மாட்டார்.

உங்கள் குரல் குகைக்குள் பேசுவது போலத் திரும்பி வருகிறது: இரண்டு-வயர் இடைமுகத்தின் நல் தவறிவிட்டது, அல்லது ஒரே ஆளை இரண்டு வழியால் கேட்கிறீர்கள். குழுவிலும் தனிவிசையிலும் லிசன் திறந்திருந்தால் இரண்டாவது நடக்கும்.

பேனல் அருகே ஊளை: பேனலின் ஸ்பீக்கரும் மைக்கும் திறந்திருக்க, பக்கத்துப் பேனலும் அதே குழுவைக் கேட்கிறது. பேசும்போது ஸ்பீக்கர் தணியும் வசதியை இயக்குங்கள், அல்லது ஹெட்செட்டுக்கு மாறுங்கள்.

குழுவில் எங்கிருந்தோ இரைச்சல், யாரென்று தெரியவில்லை: எங்கோ ஒரு மைக் பூட்டியபடி விடப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்தே எல்லா மைக்கையும் மூடும் வசதி பல அமைப்புகளில் உண்டு. அதைத் தளமுகாமையாளரின் பேனலில் ஒரு விசையாக வையுங்கள்.

அறிவிப்பாளருக்கு நெறியாளர் கேட்கிறது, ஆனால் நிகழ்ச்சி ஒலி விட்டபின்னும் ஏறவில்லை: வேறொருவர் அதே ஐ.எஃப்.பி.யைப் பிடித்திருக்கிறார். பல பேனல்கள் இதை விசையின் நிறத்தாலோ மினுக்கத்தாலோ காட்டும்.

எல்லாம் சரியானதும் கோப்பைக் கணினியில் ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சேமியுங்கள். விசை ஒழுங்கைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு பேனலுக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மொழியும் அதில் இருக்கட்டும். கடதாசிக்கு எட்டு எழுத்து எல்லை இல்லை.